எழுபத்தேழு பலகை

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் கணக்கு வாத்தியார் வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் ஏழு பேர். நான், என் தம்பி, தம்பி மனைவி, அவர்களுடைய ஒரே மகள், எங்கள் மரமில்லில் முப்பது வருஷமாக மெஷின் ஓட்டும், எல்லோரும் பாதிவிரல் என்று கூப்பிடுகிற ஆள், கணக்கு வாத்தியார், டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்ட அவர் மனைவி. எட்டாவது ஆள் கிடையாது. அங்கே தாங்களும் இருந்ததாகச் சொல்லிக்கொண்டு இரண்டு மூன்று பேர் திரிகிறார்கள். அவர்கள் அன்று தெருவில்கூட இல்லை. நல்ல மழை.

மில் எங்கள் அப்பா தொடங்கியது. அவருக்குப் பின் மெஷின் பொறுப்பு தம்பிக்கும் அளவுப் பொறுப்பு எனக்கும் வந்தன. முட்டி தேய்ந்துபோய் நான் உட்கார்ந்த பிறகு டேப் தம்பி மகள் கைக்குப் போயிற்று. யாரும் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுக்கவில்லை. ஏழு வயதிலிருந்தே பள்ளிக்கூடம் விட்டதும் பையை ஆபீஸ் அறையில் போட்டுவிட்டு முற்றத்துக்கு ஓடிவிடுவாள். லாரியிலிருந்து கட்டை இறங்குவதற்குள் டேப்போடு நிற்பாள். மெலிந்த முனையில் அளக்க வேண்டும், பட்டையைச் சேர்க்கக் கூடாது, வெடிப்பு இருந்தால் அதன் ஆழத்தைக் கழிக்க வேண்டும் என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே அவளுக்கு வந்தது. கட்டையின் முகத்தில் சாக்பீஸால் எண் போடுவாள். மில் ஆட்கள் அவளை டேப்பு என்றே கூப்பிட்டார்கள். "டேப்பு சொல்லிட்டா முதலாளி சொன்ன மாதிரி" என்பான் பாதிவிரல். சில நாள் முதலாளி சொன்னதை அவளிடம் ஒரு தரம் கேட்டுக்கொண்டுதான் மெஷினில் கட்டையை ஏற்றுவான். தம்பி அதைப் பார்த்தும் பார்க்காதவன்போல இருப்பான்.

மில்லில் மரத்தூள் எல்லாவற்றிலும் விழும். டீயில், சோற்றில், கண் இமையில். மழைக்காலத்தில் ஈரக் கட்டை அறுக்கும்போது தூள் பறக்காது. களியாகி ரம்பத்தில் ஒட்டிக்கொள்ளும். நிமிடத்துக்கு ஒரு தரம் மெஷினை நிறுத்திச் சுரண்ட வேண்டும். ரம்பம் ஒரு ஓட்டம் ஓடினால் மூன்று மில்லிமீட்டர் மரம் தூளாகிப் போகும். ஒரு நாள் அறுத்தால் ஆள் உயரத்துக்குத் தூள் குவியும். அந்தக் குவியலும் ஒரு காலத்தில் மரமாக இருந்ததுதான். மரம் அறுக்கிற வீட்டில் இது குழந்தைக்கும் தெரியும்.

கணக்கு வாத்தியாருக்கு மூன்று வருஷத்துக்கு முன்பு வரை தெரியாது. அப்போது அவர் வீடு கட்டிக்கொண்டிருந்தார். கதவு ஜன்னலுக்கென்று பெரிய தேக்குக் கட்டை ஒன்றை வாங்கி எங்கள் மில்லுக்குக் கொண்டுவந்தார். கையில் ஒரு நோட்டு. கட்டையின் கன அளவைப் போட்டு, பலகையின் கன அளவால் வகுத்து, இத்தனை பலகை வர வேண்டும் என்று எழுதி அடிக்கோடு போட்டிருந்தார். அறுத்து அடுக்கியபோது அதில் முக்கால் பங்குகூட வரவில்லை. மீதியை எங்கே ஒளித்தீர்கள் என்று நேரடியாகவே கேட்டார். அப்பா காலத்திலிருந்து அந்த முற்றத்தில் எவனும் கேட்காத வார்த்தை. தம்பி மெஷினை அணைத்தான். பாதிவிரல் கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். அவன் அதை வைத்தது நல்லதாகப் போயிற்று. நான் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன்.

அந்தக் குழந்தைதான் இன்னொரு கட்டையின் முகத்தில் சாக்பீஸால் கோடு கோடாகப் போட்டு, எது பலகை, எது தூள், எது ஓரத் துண்டு என்று அவருக்குக் காட்டினாள். அப்போது அவளுக்குப் பதினான்கு வயது. வாத்தியார் குனிந்து பார்த்தார். எண்ணினார். நோட்டை மூடினார். மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை. ஓரத் துண்டுகளும் தம்முடைய மரம்தானே என்று அள்ளிக் கட்டினார். மரத்தூளையும் இரண்டு சாக்கில் நிரப்பி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்.

இனி இந்த வருஷத்துக் கதை.

பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்த நாள் காலையில் தம்பி மனைவி அடுப்பில் சோற்றை வைத்துவிட்டு ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெண்ணுக்கு வரைபடப் படிப்புக்கு பாலிடெக்னிக்கில் இடம் கிடைத்திருந்தது. நேர்முகத்தில் ஒரு மாடிப்படியை அளந்து வரையச் சொன்னார்களாம். முதலில் முடித்தவள் இவள். கணக்கில் தேர்ச்சிச் சான்றிதழை மாதக் கடைசிக்குள் காட்டினால் இடம் உறுதி. காட்டாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். வேண்டியதெல்லாம் முப்பத்தைந்து மார்க். வந்தது இருபத்தொன்பது.

நான் அன்று நடந்துகொண்ட விதத்தையும் எழுதிவிடுகிறேன். கேட்டைச் சாத்தச் சொன்னேன். மில் ஆட்களிடம் யாரும் வாய் திறக்கக் கூடாது என்றேன். தாய்வழி, தந்தைவழி எதிலும் பரீட்சையில் தவறினவர் கிடையாது என்று அவள் காதில் விழும்படி சொன்னேன். அது உண்மையும் அல்ல; எங்கள் அப்பா பரீட்சை என்று ஒன்றை எழுதினதே இல்லை. தம்பி மனைவி என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, குழைந்துபோன சோற்றை இறக்கிவைத்தாள். பெண் அழவில்லை. எப்போதும்போல முற்றத்துக்குப் போய், வந்து இறங்கியிருந்த கட்டைகளை அளந்தாள்.

கணக்கில் அவள் எப்போதுமே மார்க் குவிக்கிறவள் அல்ல. மனதிலேயே போட்டு விடையை மட்டும் எழுதுவாள். படிகள் எங்கே என்று பாதியை வெட்டுவார்கள். ஆனாலும் தவறுகிற பிள்ளை அல்ல. விடைத்தாளின் நகலுக்குத் தம்பி எழுதிப்போட்டான். பன்னிரண்டு நாளில் வந்தது. ஆபீஸ் அறையில் ரசீதுப் புத்தகங்களை ஒதுக்கிவிட்டு மேசைமேல் விரித்தோம்.

கேள்வி இதுதான்: உருளை வடிவ மரக்கட்டை ஒன்றின் விட்டம் எழுபது சென்டிமீட்டர், நீளம் மூன்று மீட்டர். அதை அறுத்து மூன்று மீட்டர் நீளமும் இருபது சென்டிமீட்டர் அகலமும் இரண்டரை சென்டிமீட்டர் கனமும் உள்ள பலகைகள் எத்தனை எடுக்கலாம்? எட்டு மார்க்.

அவள் அதற்கு இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். காம்பஸால் வட்டம் போட்டு, அதைக் குறுக்கே இருபத்துநான்கு அடுக்காக அறுத்திருந்தாள். ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் ரம்பத்துக்கு மூன்று மில்லிமீட்டர். நடுவிலுள்ள பன்னிரண்டு அடுக்குகளில் அகலவாக்கில் மும்மூன்று பலகை. அதற்கு மேலே நான்கு, கீழே நான்கு அடுக்குகளில் இரண்டிரண்டு. உச்சியில் இரண்டும் அடியில் இரண்டும் ஒவ்வொரு பலகை. முப்பத்தாறு, பதினாறு, நான்கு. ஆக மொத்தம் ஐம்பத்தாறு. அந்தப் பக்கத்தின் ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை சிவப்புக் கோடு. பக்கத்தில் ஒரு பூஜ்யம்.

பாதிவிரல் எட்டிப் பார்த்தான். அவனுக்கு எழுத்து வராது, படம் புரியும். "சரியாத்தானே அறுத்திருக்கு. எதுக்கு இந்தக் கோடு?" என்றான்.

விடைக்குறிப்பையும் தம்பி யாரிடமோ வாங்கி வைத்திருந்தான். எழுபத்தேழு என்று இருந்தது. வட்டத்தின் பரப்பைப் பலகையின் பரப்பால் வகுத்த கணக்கு. அதன்படி தூள் கிடையாது. ஓரத் துண்டு கிடையாது. உருண்டை மரத்தின் விளிம்பு வரை முழுப் பலகையாகவே வந்துகொண்டிருக்கும்.

அப்போதுதான் ஓரத்தில் இருந்ததைக் கவனித்தேன். படத்துக்குப் பக்கத்தில், பென்சிலால் அல்ல, பேனாவாலேயே நான்கு வரிகளில் அந்த எழுபத்தேழும் போடப்பட்டிருந்தது. அதன்மேல் அவளே ஒரு கோடு இழுத்திருந்தாள். அடித்துவிட்ட விடைக்கு மார்க் போடக் கூடாது என்பது விதி.

"இது தெரிஞ்சிருக்கே உனக்கு. ஏன் அடிச்ச?" என்று கேட்டேன்.

"முதல்ல அதான் போட்டேன் பெரியப்பா. அப்புறம் படம் போட்டுப் பாத்தேன். அவ்வளவு பலகை வராது."

"அவங்க கேட்டதை எழுதிட்டு வர வேண்டியதுதானே."

"எத்தனை எடுக்கலாம்னுதான் கேட்டாங்க."

அந்தப் படத்துக்கு ஐம்பது நிமிஷம் பிடித்தது என்றாள். அதில் போன நேரத்தால் கடைசி மூன்று கேள்விகளைத் தொடவே முடியவில்லை. நான் அதற்கும் திட்டியிருப்பேன். தம்பி எழுந்து முற்றத்துக்குப் போய்விட்டான்.

மறுநாள் அவன் செய்ததை ஊரில் கிறுக்கு என்றார்கள். கட்டைகளை எல்லாம் அளந்து, எழுபது சென்டிமீட்டர் விட்டம் உள்ள நேர்க் கட்டை ஒன்றைத் தேர்ந்து, மூன்று மீட்டருக்கு வெட்டி டிராலியில் ஏற்றினான். வேறு எந்த வேலையும் அன்று ஓடவில்லை. தூறிக்கொண்டிருந்தது, கூரைத் தகரத்தில் சத்தம். பாதிவிரல் கைப்பிடியைத் திருப்பித் திருப்பிக் கனத்தை வைத்துக்கொடுக்க, தம்பி தள்ளினான். கடைசி ஓட்டம் வரை மெஷினை விட்டு நகரவில்லை. பெண் எண்ணிக்கொண்டே அடுக்கினாள். தம்பி மனைவி குடையோடு வந்து ரொட்டியும் முட்டையும் வைத்துவிட்டு நின்று பார்த்தாள். கடைசியில் ஐம்பத்துநான்கு பலகை இருந்தது. இரண்டில் கணு விழுந்து உடைந்துவிட்டன.

"ரெண்டு குறையுதே" என்றேன்.

"கேள்வியில கணு இல்ல பெரியப்பா" என்றாள்.

ஆபீஸ் அறைக்குப் போய் சலவை செய்த சட்டை ஒன்றை மாற்றிக்கொண்டேன். மறுமதிப்பீட்டு மனுவில், விடை சரி என்று அந்தப் பாட ஆசிரியர் ஒருவர் எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் மேலே அனுப்புவார்கள். அவள் பள்ளியின் கணக்கு ஆசிரியர் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

இப்படித்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனோம். முன்கதவு எங்கள் மில் பலகை. தொட்டதும் தெரிந்தது. மனுவையும் நகலையும் தம்பி நீட்டினான். வாத்தியார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். கட்டை அறுத்துப் பார்த்ததைத் தம்பி சொன்னான். அவர் அதைக் கேட்டுச் சிரித்தார், கேலியாக அல்ல.

"விடை சரிதான்" என்றார். "நான் தப்புன்னு சொல்லலியே. மரம் அறுக்கிறவனுக்கு அம்பத்தாறு. பரீட்சைக்கு எழுபத்தேழு."

"கட்டை ஒண்ணுதானே சார்" என்றான் தம்பி.

கணக்கு என்றால் சிலவற்றை விட்டுவிட்டுத்தான் போட வேண்டும் என்று அவர் விளக்கினார். பொறுமையாகவே சொன்னார். பிறகு பெண்ணைப் பார்த்து, "நீயும் விட்டிருக்கியேம்மா. கணு இல்ல, பட்டை இல்ல, கோணல் இல்லன்னு வச்சுத்தானே போட்டிருக்க? நீ அதை விட்ட. நாங்க தூளை விட்டோம். எங்க நிறுத்துறதுங்கிறதுல மட்டும்தான் வித்தியாசம்" என்றார்.

அது சாமர்த்தியமான பேச்சு. தம்பி தரையைப் பார்த்தான்.

"கணு சில மரத்துல இருக்கும், சிலதுல இருக்காது சார். அதான் விட்டேன்" என்றாள் அவள். "உருண்டை மரம் எப்பவும் உருண்டைதான். ரம்பத்துக்குக் கனமே இல்லன்னு வச்சாலும் எழுபத்தேழு வராது. ஓரத் துண்டைப் பலகைன்னு எப்படி சார் எழுதுறது?"

வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். டீ ஆறுகிறது என்றார். கதவோரம் நின்ற அவர் மனைவி, ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமென்று நினைத்திருப்பார். அந்தக் கதவு மூன்று மழைக்கும் ஊதவே இல்லை என்று பாதிவிரலிடம் சொன்னார். பாதிவிரல், "டேப்பு போட்ட கணக்கும்மா. ஊதாது" என்றான். வாத்தியார் மனைவியை உள்ளே போகச் சொன்னார். அவர் போகவில்லை.

பிறகு வாத்தியார் தாமாகவே ஒன்றைச் சொன்னார். ஏன் சொன்னார் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நேர்மை என்று அவர் நினைத்திருக்கலாம். விடைக்குறிப்பை முடிவு செய்த எட்டுப் பேரில் அவரும் ஒருவர். "அந்தக் கேள்வி வந்தப்பவே எனக்கு உங்க மில்லு ஞாபகம் வந்துச்சு. இவ சாக்பீஸ்ல போட்டுக் காட்டினது அப்படியே கண்ணுல நின்னுச்சு" என்றார்.

"அங்க சொன்னீங்களா சார்?" என்று கேட்டாள் பெண்.

அவர் அவளுக்குப் பதில் சொல்லாமல் என்னிடம் சொன்னார். வயதில் மூத்தவன், புரிந்துகொள்வான் என்று நினைத்திருப்பார். அன்று அந்த எட்டுப் பேர் கூட்டத்தில் சாப்பாட்டு நேரம். மின்விசிறி ஓடவில்லை. இன்னும் ஒன்பது கேள்வி பாக்கி. கேள்வி தப்பு என்று ஒருவர் சொன்னால் அதை எழுதினவர் யார், சரிபார்த்தவர் யார் என்று விசாரணை வரும். கேள்வி எழுதினவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். எழுபத்தேழு என்று எழுதின ஆயிரக்கணக்கான பிள்ளைகளுக்கு என்ன பதில் சொல்வது? அவருக்கு இன்னும் இரண்டு வருஷம் வேலை இருக்கிறது. இப்போது இந்த மனுவில் கையெழுத்துப் போட்டால், அன்று ஏன் பேசவில்லை என்றுதான் முதலில் கேட்பார்கள்.

"இதை அவ அடிக்காம விட்டிருந்தா யார் திருத்தினாலும் எட்டு மார்க்கையும் போட்டிருப்பாங்க" என்று எழுபத்தேழின்மேல் விரலை வைத்தார்.

தம்பி மனைவி அதுவரை பேசவில்லை. வருகிற வழியெல்லாம், காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவள். இப்போது முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"எழுபத்தேழுன்னு எழுதினாங்களே, அவங்கள்ல யாரையாவது நாளைக்கு எங்க மில்லுக்கு அனுப்புங்க சார். மெஷினும் தரோம், கட்டையும் தரோம். மீதி இருபத்தொண்ணு பலகைய எதுலேர்ந்து எடுக்கிறாங்கன்னு பாக்குறோம். நீங்களும் வாங்க. உங்களுக்குத்தான் ஏற்கெனவே ஒரு தடவ காணாம போயிருக்கே."

வாத்தியார் முகம் சிவந்தது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை. பெண்ணுக்கு நல்ல மூளை, ஒழுங்குபடுத்தினால் போதும், மாலையில் தம்மிடம் டியூஷனுக்கு அனுப்பச் சொல்லி, கட்டணம் வேண்டாம் என்றார். துணைத்தேர்வு மூன்று மாதத்தில் வரும் என்றார்.

"எதைச் சொல்லித் தருவீங்க?" என்று கேட்டேன்.

"எப்படி எழுதணும்னு சொல்லித் தருவேன்."

லஞ்சம் கேட்கிறவனைப் பார்த்திருக்கிறேன். அளவில் ஏய்க்கிறவனைப் பார்த்திருக்கிறேன். தான் செய்வது தப்பு என்று அவர்களுக்குத் தெரியும், கண்ணை விலக்கிக்கொள்வார்கள். இந்த மனிதர் சரியான விடையைக் கையில் வைத்துக்கொண்டு, சரி என்று வாயால் சொல்லிக்கொண்டு, அதைத் தவறாக எழுதப் பழக்குகிறேன், அதுவும் இலவசமாக, என்கிறார். கண்ணை விலக்கவே இல்லை. மனுவை அவர் கையிலிருந்து வாங்கி மடித்தேன். எழுந்தோம். டீயை யாரும் தொடவில்லை. பெண் மட்டும் குடித்து முடித்து, தம்ளரை அவர் மனைவி கையில் கொடுத்து, நல்லா இருந்துச்சு அத்தை என்றாள்.

கையெழுத்து இல்லாத மனுவை அப்படியே அனுப்பினோம். மூன்று வாரத்தில் பதில் வந்தது: மதிப்பெண்ணில் மாற்றமில்லை. அதற்குள் மாதம் முடிந்திருந்தது. பாலிடெக்னிக் இடம் யாருக்கோ போயிற்று. யாருக்கு என்று தம்பி மனைவி விசாரித்து வந்து சொன்னாள்; அதைத் தெரிந்துகொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தாள்.

மழைக்காலம் முடிகிற வரை பெண் மில்லில் இருந்தாள். அவள் புத்தகத்தைத் திறந்ததை நான் பார்க்கவில்லை. துணைத்தேர்வுக்கு முதல்நாள் மட்டும் பழைய கேள்வித்தாள்களை எடுத்து வைத்துக்கொண்டு, பக்கம் பக்கமாகப் புரட்டி, உதட்டைப் பிதுக்கிக்கொண்டிருந்தாள்.

எழுதிவிட்டு வந்ததும் என்ன கேட்டார்கள் என்றேன். ஆறு ஆள் எட்டு நாளில் ஒரு சுவர் கட்டினால் நாற்பத்தெட்டு ஆள் எத்தனை நாளில் கட்டுவார்கள் என்று கேட்டார்களாம்.

"என்ன எழுதின?"

"ஒரே நாள்."

பாதிவிரல் அதைக் கேட்டு வெகுநேரம் சிரித்தான். நாற்பத்தெட்டுப் பேரும் நிற்க அந்தச் சுவரோரம் இடம் எங்கே, கலவை காய்வதற்கு முன் அடுத்த வரிசையை எவன் வைப்பான் என்று கேட்டான். அவள் சிரிக்கவில்லை. இன்னொரு கேள்வியில், தண்ணீர்த் தொட்டிக்கு வெளி அளவு கொடுத்துக் கொள்ளளவு கேட்டிருந்தார்கள் என்றாள். சுவரின் கனம் கொடுக்கவில்லை. அவள் கனமே இல்லாத சுவர் என்று வைத்துக்கொண்டாள். படம் எதற்கும் போடவில்லை. படிகளை வரிசையாக எழுதினாள். இரண்டு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. எண்பத்தொரு மார்க்.

அந்த மார்க் பட்டியலை யாரும் மேசைமேல் விரிக்கவில்லை. தம்பி அதை வாங்கிப் பார்த்தான். ரசீதுப் புத்தகத்துக்கு அடியில் வைத்தான். அவள் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள். நன்றாகத்தான் சாப்பிட்டாள். அடுத்த வருஷம் மறுபடி விண்ணப்பம் போட வேண்டும். மறுபடி அந்த மாடிப்படியையோ வேறு எதையோ அளக்கச் சொல்வார்கள். அதற்குள் அவளுக்கு ஒரு வயது கூடியிருக்கும். அந்த ஒரு வருஷத்தை அவளிடமிருந்து எடுத்துக்கொண்டவர்கள் யாரும் அதை எங்கும் குறித்து வைத்திருக்க மாட்டார்கள்.

கணக்கு வாத்தியார் வீட்டு வாசலில் இப்போது ஒரு போர்டு தொங்குகிறது. தோல்வியுற்ற மாணவர்களுக்குத் தனிக் கவனம் என்று எழுதி, இருபத்தொன்பதிலிருந்து எண்பத்தொன்று என்று கீழே பெரிதாகப் போட்டிருக்கிறார். பெயர் போடவில்லை. போட வேண்டிய தேவையும் இல்லை, ஊருக்குத் தெரியும். மரமில்லுக்காரர் வீட்டுப் பெண் மூன்று மாதம் அவரிடம் டியூஷன் போனாள், அவர் காசு வாங்காமல் சொல்லிக்கொடுத்து அவளைத் தேற்றினார் என்று கடைத்தெருவில் பேசிக்கொள்கிறார்கள். கேட்டால் அவர் இல்லை என்று சொல்வதில்லையாம்.

அது பொய். அவள் அவரிடம் ஒரு நாள்கூடப் படிக்கவில்லை.